வீட்டு இஞ்சி சோடாவைப் பாட்டிலில் அடைத்து மூடி அடிக்கும் முறை

இஞ்சியை இடித்துக் கொதிக்க வைப்பது அரை மணி நேர வேலை. அதைப் பாட்டிலில் அடைத்து, மூடி அடித்து, உள்ளே கேஸ் ஏறும்வரை பத்திரமாக வைத்திருப்பது மூன்று நாள் வேலை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இஞ்சியின் அளவைப் பற்றியும் எலுமிச்சையின் அளவைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள்; பாட்டிலைப் பற்றியோ மூடியைப் பற்றியோ யாரும் கேட்பதில்லை. இஞ்சி கூடினால் காரம் கூடும், அவ்வளவுதான். பாட்டிலில் தவறினால் கண்ணாடி வெடிக்கும். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் பாட்டிலையும் மூடியையும் பற்றியது.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் வடிப்பவர்கள் கையாளும் முறையைத்தான் இங்கே இஞ்சி சோடாவுக்குப் பொருத்தியிருக்கிறேன். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் வடிக்க 1978-இல் மத்திய அரசு அளவில் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு கையால் மூடி அடிக்கும் கருவிகளும் அளவு முறைகளும் அங்கே பெருகின. நம் தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருப்பதால் வீட்டில் பீர் வடிப்பதற்கு இடமில்லை. அதற்கு இந்தக் கட்டுரை வழிகாட்டவும் இல்லை. ஆனால் கண்ணாடி, மூடி, ஈஸ்ட், சீனி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று நடந்துகொள்ளும் விதம் பீருக்கும் இஞ்சி சோடாவுக்கும் ஒன்றே.

முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் அளவுகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. சில ஆண்டுகளுக்கு முன்பு, கத்திரி வெயில் நாளில், கருப்பட்டி போட்டு நன்றாக இனித்த இஞ்சித் தண்ணீரில் ஈஸ்ட் கலந்து பன்னிரண்டு பாட்டிலில் அடைத்துத் தார்சாவில் (வீட்டுத் தாழ்வாரத்தில்) பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் நண்பகலில் ஃபிரிட்ஜுக்குள் ஏற்றுவதாகத் திட்டம். அன்று காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. மாலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று மணியளவில் தீபாவளி அணுகுண்டு வெடித்தது போல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், ஒரு பாட்டிலின் கழுத்துப் பகுதி மட்டும் தார்சாவின் மறுகோடியில் கிடந்தது. அதன் தலையில் மூடி அப்படியே இருந்தது. மூடியோரத்துப் பல் ஒன்றுகூட நெகிழவில்லை. உடைந்தது தோள்பட்டைக் கண்ணாடி. அத்தை அந்தக் கழுத்தைத் துடைப்பத்தால் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூடி மட்டும் நல்லாத்தாம்ல அடிச்சிருக்கெ" என்றாள். அதற்குள் இன்னொன்று வெடித்தது. நல்ல வேளையாக அப்போது யாரும் பெஞ்சுப் பக்கத்தில் இல்லை.

ஈஸ்ட் சீனியைத் தின்று கரியமில வாயுவாகவும் சிறிது ஆல்கஹாலாகவும் மாற்றுகிறது. ஒரு கிராம் சீனியிலிருந்து ஏறக்குறைய அரை கிராம் வாயு வரும். கடைக் கலர் (குளிர்பானம்) அளவுக்கு இனிப்பு வேண்டுமென்றால் ஒரு லிட்டருக்கு நூறு கிராம் வரை சீனி வேண்டும்; அந்தச் சீனி முழுவதையும் ஈஸ்ட் தின்று முடிக்கும்வரை எந்த மூடியும் எந்தப் பாட்டிலும் தாங்காது. அதனால்தான் இனிப்பான சோடாவை ஈஸ்ட் கொண்டு செய்பவர்கள், கேஸ் ஏறியதும் குளிரில் வைத்து ஈஸ்டை உறங்க வைக்கிறார்கள். ஈஸ்ட் உறங்குமே தவிரச் சாவதில்லை. மின்சாரத்தை நம்பி அதை உறங்க வைப்பது நம் பக்கத்துக் கோடைக்கு ஒத்துவராத வழி என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றே: பாட்டிலுக்குள் கேஸுக்கு வேண்டிய சீனி மட்டும் போக வேண்டும், நாக்குக்கு வேண்டிய இனிப்பு டம்ளரில் சேர வேண்டும். சர்பத் கடைக்காரர் காலங்காலமாகச் செய்வதும் இதுதான். நன்னாரிப் பாகு ஒரு குப்பியில் இருக்கும், சோடா தனியாக இருக்கும், இரண்டும் சேருவது டம்ளரில். அளந்து போட்ட சீனியை ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால் பிறகு தின்ன ஒன்றுமில்லை. பாட்டில் வெயிலில் இருந்தாலும் அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாது.

பாட்டில்

650 மில்லி கொள்ளும் பழுப்பு நிற பீர் பாட்டில்தான் இந்த வேலைக்குச் சிறந்தது. கேஸின் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே அது கனமாக வார்க்கப்பட்டது. நன்னாரி சர்பத், தேன், சாஸ் ஆகியவை வரும் பாட்டில்கள் பார்வைக்குத் தடிமனாகத் தெரிந்தாலும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சதுர வடிவப் பாட்டிலையும், பிராந்தி வரும் தட்டைப் பாட்டிலையும் தொடவே கூடாது. திருகி மூடும் மரை உள்ள வாயில் கிரவுன் மூடி, அதாவது நாம் அடிக்கப்போகும் பல் வைத்த தகர மூடி, சரியாகப் பிடிக்காது. குளிர்பானக் கம்பெனிகளின் கண்ணாடிப் பாட்டில்கள் பொருத்தமானவைதான், ஆனால் அவை கடைக்காரர் திருப்பிக் கொடுக்க வேண்டிய கம்பெனிச் சொத்து.

பழைய பாட்டில் எடுக்கும் இரும்புக் கடைகள் பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் சந்துக்குச் சந்து உண்டு. வீட்டிலிருந்து பீர் பாட்டில் வாங்கப் போவதற்குக் கூச்சப்படுகிறவர்கள் காலை நேரத்தில் போகலாம். எதற்கு என்று கேட்டால் சோடாவுக்கு என்று சொன்னால் போதும். நான் முதன்முதலில் போனபோது கடை அண்ணாச்சி சாக்கைக் கவிழ்த்துவிட்டு, "வாயத் தடவிப் பாத்து எடுங்க தம்பி, சில்லு போயிருந்தா காத்து நிக்காது" என்றார். அவர் சொன்னதைவிட நல்ல சோதனை எனக்கு இன்றுவரை தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஆட்காட்டி விரலின் நுனியை வாய் விளிம்பில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளமும் விரலுக்குத் தெரியும். அடுத்ததாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தோள்பட்டையிலும் அடிப்பாகத்திலும் முடி போன்ற கீறல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகமான பாட்டிலைத் திருப்பிச் சாக்கிலேயே போட்டுவிடுங்கள்.

கோலி சோடா பாட்டிலில் அடைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் வடிவமைத்த அந்தப் பாட்டிலில், உள்ளே இருக்கும் கேஸ்தான் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் அழுத்திப் பிடித்து மூடியாக நிற்க வைக்கிறது. கடையில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து அழுத்தத்தோடு கேஸ் ஏற்றுவதால் அது கைகூடுகிறது. ஈஸ்ட் கேஸை மெல்ல மெல்ல உண்டாக்குவதால், கோலி மேலே ஏறுவதற்கு முன்பே பாதி கேஸ் வெளியேறிவிடும். அழகான பாட்டில், நம் வேலைக்கு ஆகாது.

மூடியும் கருவியும்

கிரவுன் மூடியை அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர் உருவாக்கி 1892-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய மூடியின் ஓரத்தில் 21 பற்கள் இருக்கும், எண்ணிப் பாருங்கள். எங்கள் சிறு வயதில் சோடா மூடியைத் தண்டவாளத்தில் வைத்துத் தட்டையாக்கி, நடுவில் இரண்டு ஓட்டை போட்டு நூல் கோத்துச் சுழற்றுவோம். அப்போதெல்லாம் மூடிக்குள் தக்கை வட்டம் இருந்தது, அதை முதலில் நோண்டி எடுக்க வேண்டும். இப்போது தக்கைக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. காற்றைப் பிடித்து வைப்பது தகரம் அல்ல, அந்தப் படலம்தான். ஒரு முறை திறந்த மூடியில் அந்தப் படலம் அமுங்கிப்போயிருக்கும், தகரமும் வளைந்திருக்கும். சுத்தியலால் தட்டி நேராக்கி மறுபடி அடிக்க முயல்வது வீண். மூடி எப்போதும் புதிதாகவே இருக்க வேண்டும்.

வாங்கும்போது 26 மில்லிமீட்டர் என்று கேளுங்கள். நம் பீர் பாட்டில்களுக்கும் சோடா பாட்டில்களுக்கும் அந்த அளவுதான். 29 மில்லிமீட்டர் மூடி சில ஐரோப்பியப் பாட்டில்களுக்கும் ஷாம்பெயின் பாட்டில்களுக்கும் உரியது. இணையக் கடைகளில் இரண்டும் ஒரே படத்தோடு விற்கப்படுவதால் அளவைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

மூடி அடிக்கும் கருவியில் இரண்டு வகை உண்டு. இரு கைப்பிடிகளையும் இருபக்கமும் கீழே அழுத்தும் வகை விலை மலிவு. அது பாட்டிலின் கழுத்து வளையத்தைக் கவ்விக்கொண்டுதான் மூடியை இறக்கும். அந்த வளையம் எல்லாப் பாட்டிலிலும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. கவ்வும் தகடு நழுவினால் கழுத்தே உடையும் என்பதால், பலவகைப் பாட்டில்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். மேசையில் நிற்கும் வகை கழுத்தைத் தொடாது. பாட்டில் அதன் அடித்தட்டில் நிற்க, மேலிருந்து நெம்புகோல் நேராக இறங்கும். விலை கூடத்தான், ஆனால் பத்து வருடம் உழைக்கும். நாலு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

கழுவுதல்

இந்த வேலையில் பாதி நேரம் பாத்திரம் கழுவும் அங்கணத்தில்தான் போகும். பழைய பாட்டிலை முதல் நாள் இரவே சலவை சோடா கரைத்த வெந்நீரில் மூழ்க வைத்துவிட்டால், லேபிளும் உள்ளே ஒட்டிய அழுக்கும் காலையில் தானாகக் கழன்று வரும். நீண்ட பாட்டில் பிரஷால் அடிமூலையைச் சுழற்றித் தேய்த்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு தேவையில்லை; அதன் பிசுக்கு தங்கினால் சோடாவின் நுரை நிற்காது, மணமும் கெடும்.

கழுவுவது ஒன்று, கிருமி நீக்குவது வேறொன்று. அகலமான சருவத்தின் அடியில் பழைய துணியை விரித்து, பாட்டில்களைப் படுக்க வைத்து, அவை மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதன் பிறகே அடுப்பை மூட்ட வேண்டும். தண்ணீர் கொதித்த பின் கால் மணி நேரம் விடுங்கள். அடுப்பை அணைத்து அப்படியே ஆற விடுங்கள். கொதிக்கும் நீரில் குளிர்ந்த பாட்டிலைப் போட்டாலோ, சூடான பாட்டிலைக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வைத்தாலோ கண்ணாடி விரிசல் விடும். அந்த விரிசல் அப்போதே தெரியாமல், கேஸ் ஏறிய பிறகு தெரிவதும் உண்டு. மூடிகளைக் கொதிக்க விட வேண்டாம், படலம் உருமாறிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வடித்து, சுத்தமான தட்டில் மூடி வைத்தால் போதும்.

இஞ்சித் தண்ணீர்

பத்து லிட்டருக்குச் சொல்கிறேன். இது பதினைந்து பாட்டிலையும் ஒரு சிறு பிளாஸ்டிக் பாட்டிலின் பெரும்பகுதியையும் நிரப்பும்.

தண்ணீர் நன்றாக இருக்க வேண்டும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் கிடைப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அதைக் கொதிக்க வைத்தால் குளோரின் மணமும் போய்விடும். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்தில் உப்புத் தண்ணீர் வருகிறவர்கள் கேன் தண்ணீரைப் பயன்படுத்துவதே நல்லது; உப்பு இஞ்சியின் மணத்தை அமுக்கிவிடும். முந்நூறு கிராம் இஞ்சியைத் தோல் சீவி, அம்மியிலோ உரலிலோ நசுக்கி, மூன்று லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்க வைத்து இறக்குங்கள். வேட்டித் துணியில் வடிகட்டி ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் இஞ்சி மாவு வெள்ளையாக அடியில் படியும். தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். மீதி ஏழு லிட்டரைத் தனியாகக் கொதிக்க வைத்து ஆற்றி இதோடு சேர்க்க வேண்டும். புளியங்குடி எலுமிச்சை ஐந்து பிழிந்தால் சரியாக இருக்கும். எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல. அந்தப் புளிப்பில்தான் கெடுதல் செய்யும் கிருமிகள் தலையெடுக்காமல் இருக்கின்றன, ஆகவே அதை விட்டுவிடக் கூடாது.

சீனியும் ஈஸ்டும்

ஒரு லிட்டருக்கு ஏழு கிராம் சீனி, பத்து லிட்டருக்கு எழுபது கிராம். கண்ணளவு, கையளவு, கரண்டி அளவு எதுவும் உதவாது. அடுக்களையில் வைக்கும் சிறு மின்தராசு இல்லாதவர்கள் மளிகைக் கடையிலேயே எழுபது கிராமை நிறுத்துப் பொட்டலம் கட்டி வாங்கிவரலாம்.

வீட்டில் பீர் வடிப்பவர்களும் பாட்டிலில் அடைக்கும்போது ஏறக்குறைய இந்த அளவுதான் போடுவார்கள். அவர்களுடைய பீர் முழுவதும் நொதித்து முடிந்திருக்க வேண்டும் என்பது அங்கே முதல் விதி. அடர்த்தி அளக்கும் மிதவைக் கருவி அடுத்தடுத்து மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டும்வரை மூடி அடிக்க மாட்டார்கள். நாம் இனிப்பே போடாமல் தொடங்குவதால் அந்தக் காத்திருப்பு நமக்கு இல்லை.

கருப்பட்டி ஏன் கூடாது என்று கேட்கலாம். உடன்குடிக் கருப்பட்டியைவிட எனக்குப் பிடித்த இனிப்பு வேறில்லை, ஆனால் ஒரு கருப்பட்டியில் இருக்கும் ஈரமும் சுண்ணாம்பும் அடுத்த கருப்பட்டியில் அதே அளவில் இருக்காது. மழைக் காலத்தில் கசிந்த கருப்பட்டி எழுபது கிராமில் சர்க்கரை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று எந்தத் தராசும் சொல்லாது. பாட்டிலுக்கு வெள்ளைச் சீனி, டம்ளருக்குக் கருப்பட்டி.

சீனியை ஒரு டம்ளர் கொதிநீரில் முழுதாகக் கரைத்து, ஆற வைத்து, பெரிய பாத்திரத்தில் ஊற்றி, கழுவிய அகப்பையால் அடிவரை மெதுவாகக் கலக்க வேண்டும். பாட்டிலுக்கு ஒரு கரண்டி என்று தனித்தனியாகப் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஒரு பாட்டில் சப்பென்றும் அடுத்தது சீறிக்கொண்டும் வருவதற்கு அதுவே காரணம்.

ஈஸ்ட், ரொட்டிக்குப் போடும் உலர்ந்த ஈஸ்டே போதும். கால் தேக்கரண்டி எடுத்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீர் அரை டம்ளரில் தூவிப் பத்து நிமிடம் விட்டால் குழைந்து மேலே நுரை கட்டும். நுரை கட்டாவிட்டால் ஈஸ்ட் பழையது. புதிய பாக்கெட் வாங்குங்கள். இஞ்சித் தண்ணீர் முழுவதும் ஆறிய பிறகே ஈஸ்டைச் சேர்க்க வேண்டும், சூட்டில் போட்டால் செத்துவிடும். ஈஸ்டின் அளவைக் கூட்டினால் கேஸ் அதிகமாகாது. சீக்கிரம் முடியும், வண்டலும் வாடையும் கூடும். கேஸின் அளவைத் தீர்மானிப்பது சீனி மட்டுமே.

இந்த அளவில் ஆல்கஹால் அரை சதவீதத்தை ஒட்டி உண்டாகும். பூஜ்யம் என்று சொல்ல முடியாது. விரதக்காரர்களுக்கும், மதுவை அறவே தவிர்ப்பவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், குழந்தைகளின் பெற்றோருக்கும் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுவது மரியாதை. வீட்டுக்குச் செய்வதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். இதை விற்பது உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஆய்வகச் சோதனையும் சார்ந்த வேறு தொழில்.

நிரப்பி மூடி அடித்தல்

அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் இருந்தால் வேலை சுலபம். குழாயில் ஒரு முழம் உணவுத் தர பிளாஸ்டிக் டியூபைச் செருகி, அதன் நுனி பாட்டிலின் அடியைத் தொடும்படி விட்டு நிரப்பினால் நுரைக்காமல் ஏறும். டிரம் இல்லாதவர்கள் கெண்டியும் புனலும் கொண்டு ஊற்றலாம். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி இழுக்கும் பழக்கம் மட்டும் இங்கே வேண்டாம். இவ்வளவு நேரம் கொதிக்க வைத்துச் செய்த சுத்தம் ஒரு நொடியில் போய்விடும்.

வாயிலிருந்து இரண்டு விரற்கடை இடம் காலியாக இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இடம் விட்டால், சூட்டில் நீர் விரியும்போது இடமில்லாமல் கண்ணாடி திணறும். அதிகமாகக் காலி விட்டால் கேஸ் நீரில் கரையாமல் மேலேயே தங்கும். பதினைந்து பாட்டிலையும் நிரப்பிய பின், மீதியை ஒரு சிறு பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஊற்றி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு அதன் திருகு மூடியை இறுக்குங்கள். இதன் பயனைப் பிறகு சொல்கிறேன்.

மூடியை வாயில் வைத்ததும் அடிக்க அவசரப்பட வேண்டாம். மூடி எல்லாப் பக்கமும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கருவியின் கிண்ணத்தில் சிறு காந்தம் இருந்தால் மூடியை அதிலேயே ஒட்டிக்கொண்டு இறக்கலாம். நெம்புகோலை வெட்டி இழுக்காமல், ஒரே சீராக அடிவரை அழுத்தி, ஒரு நொடி நிறுத்திவிட்டு மேலே விடுங்கள். பற்கள் மடங்கும்போது கையில் முதலில் ஒரு எதிர்ப்பும், அதைத் தாண்டியதும் ஓர் இளக்கமும் தெரியும். நாலைந்து பாட்டிலுக்குப் பிறகு அந்த இளக்கம் கைக்குப் பழகிவிடும், கண் தேவைப்படாது. எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் மூடி கோணலாகியிருக்கும். இளக்கம் தெரிந்த பிறகும் பலத்தைக் காட்டினால் வாய் உடையும்.

அடித்த மூடியைச் சோதிக்க மூன்று வழிகள் உண்டு. விரல்களால் பிடித்துத் திருகிப் பார்த்தால் அசையக் கூடாது. அடிக்காத மூடியின் அகலம் 32 மில்லிமீட்டர். சரியாக அடித்த மூடி 29 மில்லிமீட்டருக்குள் சுருங்கியிருக்கும், ஸ்கேலில் வைத்தே பார்த்துவிடலாம். பற்களின் ஓரம் கண்ணாடியோடு ஒட்டி, எல்லாப் பக்கமும் ஒரே சாய்வில் இறங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் பாவாடை போல விரிந்து நின்றால் அந்த மூடியை எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். கேஸ் ஏறிய பிறகும் சந்தேகம் இருந்தால், பாட்டிலின் கழுத்தை ஒரு வாளித் தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்துங்கள். குமிழி வரிசையாக வந்தால் அந்தப் பாட்டிலை முதலில் குடித்துவிட வேண்டியதுதான்.

வைத்திருத்தல்

நிரப்பிய பாட்டில்களைத் தடித்த அட்டைப் பெட்டியிலோ மரப்பெட்டியிலோ நிற்க வைத்து, மேலே ஈரச் சாக்கை மடித்துப் போடுங்கள். சாக்கின் ஈரம் உலரும்போது உள்ளே கொஞ்சம் குளிரும். ஏதாவது உடைந்தால் சில்லு வெளியே தெறிக்காது. தண்ணீர்ப் பானை இருக்கும் மணல் மேடைக்குப் பக்கம் நல்ல இடம். மொட்டை மாடி, ஓட்டுக்கு அடியிலுள்ள பரண், அடுப்படி, ஜன்னல் வெயில் விழும் இடம் ஆகியவற்றில் வைக்கவே கூடாது.

வெயிலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சூடு ஏற ஏறக் கரியமில வாயு நீரில் கரைந்திருக்க மறுத்து மேலே வந்து அழுத்தும். நம் அளவுச் சீனியில் உண்டாகும் கேஸ், 20 டிகிரியில் கொடுக்கும் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை 35 டிகிரியில் கொடுக்கும். அப்போதும் அது கார் டயரில் அடிக்கும் காற்றின் அளவுதான். நல்ல பீர் பாட்டிலுக்கு அது பெரிய பாரமில்லை. ஆனால் சீனி இரண்டு மடங்காகப் போயிருந்தாலோ கண்ணாடியில் கீறல் இருந்தாலோ கணக்கு மாறிவிடும்.

எப்போது தயார் என்பதைப் பிளாஸ்டிக் பாட்டில் சொல்லும். முதல் நாள் அது தொளதொளவென்று இருக்கும். கேஸ் ஏற ஏற, பிதுக்கிய பள்ளம் தானாக நிமிரும். கட்டை விரலால் அமுக்கினால் கல் போல எதிர்த்து நிற்கும்போது கண்ணாடிப் பாட்டில்களும் தயார். கோடையில் இரண்டு மூன்று நாளிலும், மார்கழி, தை மாதங்களில் நாலைந்து நாளிலும் இது நடக்கும். ஐந்து நாளாகியும் பிளாஸ்டிக் பாட்டில் இளகியே இருந்தால் ஈஸ்ட் செத்துவிட்டது என்று பொருள். கல்லாகி, அடிப்பாகம் புடைத்துப் பாட்டில் நிற்க முடியாமல் ஆடினால், சீனி கூடிவிட்டது. அப்போது கண்ணாடிப் பாட்டிலைத் தொடாதீர்கள். தடித்த சமுக்காளத்தை நனைத்து மேலே போட்டு, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், விடியற்காலைக் குளிர்ச்சி வரை காத்திருங்கள். பிறகு ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கி, தடித்த கையுறை போட்டு, துணிக்கு அடியிலேயே ஒவ்வொரு மூடியின் ஓரத்தையும் திறப்பானால் சிறிது சிறிதாக நெம்பிக் கேஸை வெளியேற்ற வேண்டும். தார்சாவில் மிஞ்சிய பாட்டில்களை நான் அப்படித்தான் காலி செய்தேன்.

திறந்து குடித்தல்

ஒரு நாள் முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்த பிறகே திறக்க வேண்டும். குளிரில்தான் கேஸ் நீருக்குள் இறங்கிக் கரையும். சூடான பாட்டிலைத் திறந்தால் பாதி சோடா சுவருக்குப் போய்விடும். அடியில் விரல் நகத் தடிமனுக்கு வெள்ளை வண்டல் படிந்திருக்கும். அது ஈஸ்ட், கெடுதல் இல்லை, ஆனால் மாவு வாடை அடிக்கும். பாட்டிலை ஆட்டாமல் எடுத்து, ஒரே சாய்வில் ஊற்றி, கடைசி ஒரு மடக்கைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

பாகுக்கு அரை கிலோ கருப்பட்டியைக் கால் லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, மண் போக வடிகட்டி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். நன்னாரிப் பாகு வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். டம்ளரில் இரண்டு கரண்டிப் பாகு, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, டம்ளரைச் சாய்த்து அதன் ஓரமாகவே சோடாவை ஊற்ற வேண்டும். நேராக ஊற்றினால் கருப்பட்டிப் பாகு பொங்கி வழியும். கடைச் சோடாவில் இருக்கும் சுள்ளென்ற காட்டம் இதில் வராது; குமிழி சிறியது, மெல்லியது, இஞ்சிக் காரத்துக்குப் பின்னால்தான் வரும். அந்தக் காட்டத்துக்கு ஆசைப்பட்டுச் சீனியைக் கூட்டாதீர்கள். பத்துப் பதினைந்து நாளுக்குள் குடித்து முடித்துவிடுவது நல்லது, பிறகு இஞ்சியின் மணம் மங்கிவிடும்.

காலியான பாட்டிலை அப்போதே தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று முறை அலசி, அங்கணத்து ஓரத்தில் கவிழ்த்து வையுங்கள். வண்டல் ஒரு ராத்திரி காய்ந்துவிட்டால் பிரஷுக்கும் அசையாது. மறுபடியும் சலவை சோடாவில் ஊற வைப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.